முப்பதால் பெருக்காதீர்கள்

ஹெர்ட்ஸை முப்பதால் பெருக்கினால் மோட்டாரின் வேகம் வந்துவிடும் என்று நம் சர்வீஸ் வேலையில் இருக்கும் உங்களில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகளில் அவர்கள் எப்போதும் சரியாகவே வேலை செய்திருப்பார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. நான் சொன்ன குறுக்குவழி இன்னும் உங்கள் வாயில் புழங்கிக்கொண்டிருக்கிறது என்று போன வாரம் விழுப்புரம் பஸ் நிலையத்தில் பார்த்த நம் ஆள் ஒருவர் பெருமையாகச் சொன்னார். எனக்கு டீ இறங்கவில்லை.

கணக்கு சுலபமானது. ஒரு நொடிக்கு எத்தனை தடவை என்பது ஹெர்ட்ஸ். ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது ஆர்.பி.எம். நொடியிலிருந்து நிமிடத்துக்குப் போக அறுபதால் பெருக்க வேண்டும். வழக்கமான மோட்டார் மின்சாரத்தின் இரண்டு துடிப்புக்கு ஒரு சுற்றுதான் சுற்றும், அதனால் அதற்கு அறுபதில் பாதி, முப்பது. பள்ளிக்கூடப் பிள்ளை செய்துவிடும். நான் எம்.இ. படித்தவன். அதனாலேயே, இவ்வளவு சுலபமான ஒன்றில் நான் தவற முடியாது என்று நினைத்தேன்.

இந்தப் பைத்தியம் எனக்கு வீடு வரைக்கும் உண்டு. ஒருமுறை ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கையைப் பிடித்துப் பார்த்து, "பல்ஸ் எழுபத்திரண்டு" என்றார். நான் அறுபதால் வகுத்து, "ஒன்று புள்ளி இரண்டு" என்று திருத்தினேன். அவர் உள்ளே போய் டாக்டரிடம், "நல்லாத்தான் இருந்தாரு, இப்ப என்னமோ பேசறாரு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொன்று. கண்டமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் ஊதுகாற்று விசிறி அதிர்கிறது என்று கூப்பிட்டார்கள். நான் அதிர்வு மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் இருந்த நண்பருக்குப் போன் போட்டேன்.

"இருபத்தஞ்சு வருது."

"இருபத்தஞ்சா? போன தடவை நான் பாத்தப்ப ஆயிரத்து ஐநூறு இருந்துச்சே. மெஷின் நின்னு போச்சா?"

"ஓடிக்கினுதான் இருக்கு."

"ஓடுற மெஷின்ல இருபத்தஞ்சு வராது. மீட்டரைத் தட்டிப் பாருங்க."

தட்டிப் பார்த்தேன். இருபத்தைந்துதான். அவர் என் மீட்டரைக் குறை சொன்னார், நான் அவருடைய பழைய ரிப்போர்ட்டைக் குறை சொன்னேன். குரல் ஏறிவிட்டது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆலை முதலாளி பொறுமையாக, "சார், ஓடுதா இல்லையான்னு நான் வேணா போய்ப் பாத்துட்டு வந்து சொல்லட்டுமா?" என்றார். அப்போதுதான் உறைத்தது. என் மீட்டர் நொடிக்குக் காட்டுகிறது, அவருடைய மீட்டர் நிமிடத்துக்குக் காட்டியிருக்கிறது. இருபத்தைந்தை அறுபதால் பெருக்கினால் ஆயிரத்து ஐநூறு. இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்லித்தான் சண்டை போட்டிருக்கிறோம். அங்கே போனது எங்கள் மானம் மட்டும்தான். முதலாளி இரண்டு பேருக்குமாக ஒரே ஆளான எனக்கு இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

திண்டிவனத்தில் நான் செய்தது அப்படி இளநீரோடு முடியவில்லை.

கஸ்தூரி என்ற பெண்மணி திண்டிவனத்துக்கு வெளியே செஞ்சி ரோட்டில் ஷெட் போட்டு, விதை மல்லாட்டை உடைக்கும் மெஷின் ஒன்றை வைத்தார். வேறு ஊரிலிருந்து நம் வேலைக்கு வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், இந்தப் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். எண்ணெய்க்குப் போகிற மல்லாட்டை எப்படி உடைந்தாலும் கவலையில்லை. விதைக்குப் போகிற பருப்பு முழுதாக வர வேண்டும். இரண்டாகப் பிளந்தால் முளைக்காது. அதனால் விதை மல்லாட்டையை ஆட்கள் உட்கார்ந்து கையால்தான் உடைப்பார்கள். உள்ளே காயை உடைக்கும் டிரம் மெதுவாகச் சுற்றினால் மெஷினிலேயே முழுப் பருப்பாக எடுக்கலாம் என்பது கஸ்தூரியின் யோசனை. மெதுவாகச் சுற்ற வைக்க ஒரு டிரைவ் வேண்டும். அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் பெட்டி. அதைப் பொருத்த நான் போனேன்.

"நிமிசத்துக்கு நூத்தி அறுபது சுத்துக்கு மேல போவக் கூடாதுன்னு மெஷின் செஞ்சவரு சொல்லியிருக்காரு சார். அதுக்கு மேல போனா பருப்பு ரெண்டா பூடுமாம்" என்றார் கஸ்தூரி.

மோட்டாரில் ஆறு சுற்று சுற்றினால் டிரம்மில் ஒரு சுற்று. அப்படியானால் மோட்டார் தொள்ளாயிரத்து ஐம்பது வாக்கில் ஓட வேண்டும். முப்பத்து மூன்று ஹெர்ட்ஸ் வைத்தேன். முப்பதால் பெருக்கினால் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, சுமை ஏறினால் இன்னும் சற்றுக் குறையும். சரி. மனக்கணக்கிலேயே முடித்துவிட்டேன்.

கஸ்தூரி அந்த மோட்டாரைப் புதுச்சேரியில் பழைய சாமான் கடையில் வாங்கியிருந்தார். கடைக்காரன் அதன் மேல் புதுப் பெயிண்ட் அடித்து, வேகம் பொறித்த தகட்டையும் சேர்த்து மூடியிருந்தான். ஒரு சாவியால் சுரண்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் சுரண்டவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி மெஷின்களில் நான் பார்த்த மோட்டார் எல்லாம் ஐம்பது ஹெர்ட்ஸில் ஆயிரத்து நானூற்று நாற்பது ஓடுகிறவை. இதுவும் அப்படித்தான் என்று டிரைவில் அந்த எண்ணைப் பதிந்துவிட்டேன்.

முதல் சரக்கு வல்லம் பக்கத்திலிருந்து வந்திருந்தது. கொண்டுவந்தவர் ஏழுமலை. சொந்த நிலத்தில் விளைந்ததில் நல்லதாகப் பொறுக்கி, விதைக்கென்று எடுத்து வைத்த மல்லாட்டை. ஆடி மழை ஒன்று பெய்திருந்தது, நிலம் உழுது கிடந்தது. இதை விட்டால் அவருக்கு வேறு விதை இல்லை.

மெஷினை ஓட விட்டோம். முதல் மூட்டை முடிவதற்குள் ஏழுமலை கீழே குனிந்து ஒரு கை அள்ளினார்.

"இன்னா சாரு, பருப்பு பூரா ஜோடி பிரிஞ்சிக்கினு வருது?"

கஸ்தூரி எட்டிப் பார்த்தார். "டிரம்மு வேகமா சுத்துற மாதிரி தெரியுது சார்."

நான் டிரைவின் முகப்பில் எண் தெரியும் கண்ணாடியைக் காட்டினேன். அதில் தொள்ளாயிரத்து ஐம்பது என்று பளிச்சென்று நின்றது. "ஆறால வகுத்துப் பாருங்க."

கஸ்தூரி போனை எடுத்து வகுத்தார். "நூத்தி அறுபதுக்கு உள்ளதான் வருது."

"அப்புறம் என்ன?" என்றேன். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொன்னேன். "மல்லாட்டை ரொம்பக் காஞ்சிருக்கு. அதனாலதான் உடையுது."

ஏழுமலைக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாத்துப் பாத்துத்தானே காய வச்சேன்" என்றார், என்னிடம் இல்லை, கையில் இருந்த பருப்பிடம்.

"கொஞ்சம் தண்ணி தெளிச்சு சாக்கு போட்டு மூடி வைங்க. சரியாயிடும்."

தண்ணீர் தெளித்து உடைப்பது இந்தப் பக்கம் உள்ள பழக்கம்தான். அதனால் நான் சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது. முழுப் பொய் என்றால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

மூடி வைத்துவிட்டு அவர்கள் எதிர்ப்பக்கக் கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு, அவர்கள் ரோட்டைத் தாண்டியதும் பையிலிருந்து டேக்கோமீட்டரை எடுத்தேன். சுற்றுகிற பொருளின் மேல் ஒளியைப் பாய்ச்சி, அதன் வேகத்தை அதனிடமே கேட்டுச் சொல்லும் கருவி. காலையிலிருந்து அது என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மெஷினை வெறுமனே ஓட்டிப் பார்த்தேன். டிரம் நூற்று அறுபது இல்லை, அதைப் போல் இரண்டு மடங்கு சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டுச் சாவியால் மோட்டாரின் பெயிண்டைச் சுரண்டினேன். இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது என்று பொறித்திருந்தது. அதே ஐம்பது ஹெர்ட்ஸில் உள்ளே இருக்கும் சுற்றுக்கம்பியின் அமைப்பைப் பொறுத்து ஒரு மோட்டார் ஆயிரத்துச் சொச்சம் ஓடும், இன்னொன்று அதைப் போல் இரு மடங்கு ஓடும். இது அறுபதால் பெருக்க வேண்டிய மோட்டார். நான் முப்பதால் பெருக்கியிருந்தேன்.

டிரைவின் கண்ணாடி ஏன் தொள்ளாயிரத்து ஐம்பது காட்டியது என்று கேட்பீர்கள். அது எதையும் அளக்கவில்லை. நான் பதிந்த எண்ணை எடுத்து, ஹெர்ட்ஸோடு பெருக்கி எனக்கே திருப்பிக் காட்டியது. என் தப்பை நான் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். இதை மட்டுமாவது மறக்காதீர்கள். கண்ணாடியில் இருப்பது நீங்கள் சொன்னது. மெஷின் சொல்வதைக் கேட்க வேண்டுமானால் பையைத் திறக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிற ஆள் வேகமாகத் தெரிகிறதே என்று சொன்னால் உடனே திறக்க வேண்டும்.

டீக்கடையில் அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சரியான எண்ணைப் பதிந்து, ஹெர்ட்ஸைப் பாதியாகக் குறைத்தேன். இப்போது கண்ணாடியில் என்ன வந்தது தெரியுமா? அதே தொள்ளாயிரத்து ஐம்பது. முன்னே பொய்யாக நின்ற எண் இப்போது நிஜமாக நின்றது. யாருக்கும் வித்தியாசம் தெரிய வழியே இல்லை. சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். சொல்லாமலே சரியாகிவிடும் என்று அடுத்த நொடியே நினைத்தேன்.

திரும்பி வந்து மெஷினைப் போட்டார்கள். பருப்பு முத்து முத்தாக முழுதாக விழுந்தது. ஏழுமலை ஒரு கை அள்ளி கஸ்தூரியின் கையில் கொட்டினார், ஒரு கை என் கையில் கொட்டினார். "சாரு சொன்ன மாரி தண்ணி தெளிச்சதும் எப்பிடி வருது பாரும்மா. படிச்சவங்க படிச்சவங்கதான்." கஸ்தூரி எனக்காகத் தனியாக ஒரு டீ வாங்கி வரச் சொன்னார். குடித்தேன். முதல் மூட்டை விதைக்கு ஆகாமல் போனது. அந்த ஆடியில் ஏழுமலையின் மேட்டு நிலத்தில் ஒரு துண்டு விதைக்காமல் கிடந்தது என்று பிறகு தெரிந்தது.

வேகத்தைத் திருத்தினேன், காரணத்தைத் திருத்தவில்லை. அது என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த சித்திரையில், நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், அதே ஷெட்டுக்கு வருஷாந்தர சர்வீஸுக்குப் போனேன். வாசலில் பெரிய எழுத்தில் பலகை வைத்திருந்தார்கள். "விதை மல்லாட்டையை முழுதாகக் காய வைக்க வேண்டாம். காய்ந்தால் உடையும்." அதற்குக் கீழே, "இன்ஜினியர் ஆலோசனைப்படி."

"இது யாரும்மா எழுதினது?"

"நீங்க சொன்னதுதானே சார்" என்றார் கஸ்தூரி சந்தோஷமாக. "நான் எழுதினேன். ஏழுமலைண்ணன் அவருக்குத் தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. இந்த வாட்டி அவரே ரெண்டு வெயிலு கம்மியா காய வச்சி, இன்னிக்கி மூட்டை கட்றேன்னு போன் பண்ணாரு."

ஈரம் போகாத மல்லாட்டையை மூட்டை கட்டி ஆடி வரைக்கும் வைத்தால் உள்ளே பூசணம் பிடித்துவிடும். விதைக்கும்போதுதான் அது தெரியும். ஒரு மூட்டை இல்லை, இந்தத் தடவை எல்லா மூட்டையும், ஏழுமலையுடையது மட்டுமல்ல, அவர் பேச்சைக் கேட்டவர்களுடையதும்.

அப்போதும் சுலபமான வழியைத்தான் முதலில் பார்த்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். கஸ்தூரியின் போனை வாங்கி ஏழுமலையைக் கூப்பிட்டேன். "இன்னும் ரெண்டு நாள் நல்லா காய வைங்க" என்றேன்.

"அதான் சாரு போன வருசமே பட்டுட்டேனே. ரொம்ப காஞ்சா உடையும்னு நீங்கதானே சொன்னீங்க? நான் கட்டிக்கினு இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

காரணத்தைச் சொல்லாமல் அவரை நிறுத்த முடியாது. கஸ்தூரியிடம் திரும்பி, நடந்ததைச் சொன்னேன். மோட்டார், பெயிண்ட், சாவி, எல்லாவற்றையும்.

அவர், "அன்னிக்கி டீ வேற வாங்கிக் குடுத்தேன்" என்றார். ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். "ஏறுங்க சார். அவரு தைக்கிறதுக்குள்ள போவணும்."

வல்லம் பக்கத்து உள்ரோடு எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். வழியில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்த ஆட்டம் எத்தன ஹெர்ட்ஸு சார்?" நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன், பழக்க தோஷம்.

ஏழுமலை களத்தில் உட்கார்ந்து கோணி ஊசியால் ஒரு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு மூட்டை ஏற்கெனவே சுவரோரம் அடுக்கியிருந்தது. நான் நின்றபடியே சொன்னேன். ஐம்பது ஹெர்ட்ஸில் ஆரம்பித்து, முப்பது, அறுபது, தகடு, கண்ணாடி என்று நீளமாகச் சொன்னேன். அவர் ஊசியைக் கையில் பிடித்தபடி கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப நான் காய வச்சது சரிதானா?"

"சரிதான்."

"முழுசா சரியா?"

"முழுசா."

வீட்டுப் பக்கம் திரும்பினார். "ஏ முனியம்மா, இங்க வா. சாரு ஒன்னு சொல்றாரு, கேட்டுக்கோ."

அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மறுபடி சொன்னேன். முனியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏஞ்சாரு, ஒரு வருசமா இந்த மனுசனுக்கு மல்லாட்டை காய வைக்கக் கூடத் தெரியலன்னு பேசிக்கினு இருக்கேன். அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கு அவ்ளோ பேச்சு மிச்சம்."

"அது மிச்சமாவாது. வேற எதுக்காச்சும் பேசியிருப்ப" என்றார் ஏழுமலை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உடனே போனை எடுத்தார். "மச்சான், நான்தான். லவுட் ஸ்பீக்கர்ல போட்றேன், இன்ஜினியரு பேசறாரு. போன பொங்கலுக்கு வந்து என்னா சொன்ன நீ? இப்ப கேளு."

மச்சானுக்கும் சொன்னேன். போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது, என்னைப் பார்த்தா ஏழுமலையைப் பார்த்தா என்று தெரியவில்லை. அதற்குள் கஸ்தூரியும் முனியம்மாவும் தைத்த மூட்டைகளின் நூலைப் பிரித்துக் களத்தில் கொட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

"இன்னும் யார் யார்கிட்ட சொன்னீங்க?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"கேட்டவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். நீங்க சொன்னதாத்தான் சொன்னேன். இப்பவும் நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டானுங்க, எனக்குக் காய வைக்கத் தெரியாதுன்னு பேரு இருக்குதே."

ஏழுமலை தன் பைக்கில் முன்னே போனார். பின்னால் ஸ்கூட்டியில் நாங்கள். ஒவ்வொரு வீட்டிலும் வண்டியை நிறுத்தி, ஆளைக் கூப்பிட்டு, "சாரு பேசுவாரு" என்று ஒதுங்கி நின்றுகொள்வார். ஒவ்வொரு வீட்டிலும் "அப்ப ஏழுமல காய வச்சது சரியா?" என்று யாராவது கேட்கிற வரைக்கும் நகர மாட்டார். ஒரு வீட்டில் அதைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள். "கேளுங்க" என்றார்.

முதல் வீட்டில் ஹெர்ட்ஸ், சுற்று எல்லாம் விளக்கினேன். அடுத்த வீட்டில் மோட்டார் தகட்டை மட்டும் சொன்னேன். போகப் போகச் சுருங்கிவிட்டது. வெறுமனே, "மெஷின் வேகத்தை நான் தப்பா வச்சேன். பழியை மல்லாட்டை மேல போட்டேன்" என்றேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவர்களுக்கும் அது போதுமாக இருந்தது. கேட்டுவிட்டு உள்ளே போய் மூட்டையை இழுத்து வந்தார்கள்.

கடைசி வீட்டில் இருந்தது தனியாகப் பயிர் வைக்கிற ஓர் அம்மா. நான் சொன்ன இரண்டு வரியையும் கேட்டுவிட்டு, என் வெள்ளைச் சட்டையையும், புழுதியில் செம்மண்ணாகிவிட்ட அதன் காலரையும் பார்த்தார்.

"இத சொல்லவா விழுப்புரத்திலேர்ந்து வந்தீங்க?"

"ஆமாம்மா."

"வேற வேல இல்லியா?"

"இன்னிக்கி இல்ல."

அவர் மூட்டையின் வாயைப் பிரித்து, ஒரே தள்ளாகத் தரையில் சாய்த்தார். மல்லாட்டை காலடி வரைக்கும் உருண்டு வந்தது.

"அப்ப சும்மா நிக்காதீங்க. வெயிலு எறங்குறதுக்குள்ள பரப்பி வுடுங்க" என்றார்.

நான் பேன்ட் காலை மடித்துவிட்டுக்கொண்டு குந்தினேன்.